திரையில் தெரிந்தால் தங்கமா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் மெட்டல் டிடெக்டருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. பொழுதுபோக்குக்காக இப்போது விற்கப்படும் டிடெக்டர்களில் பெரும்பாலானவை சின்னக் கம்ப்யூட்டர்கள்தான். உள்ளே பிராசசர் இருக்கிறது. சாப்ட்வேர் இருக்கிறது. யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து அப்டேட் செய்துகொள்ளும் வசதிகூடப் பல மாடல்களில் உண்டு. இன்னொரு காரணம், சில மாதங்களுக்கு முன் என் வீட்டுக்கு வந்த ஒரு கணக்கு ஆசிரியர்.

ஓய்வு பெற்றவர். வீட்டுக் கம்ப்யூட்டரே அவருக்குப் புதிது. கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி. "தம்பி, இதோட சாப்ட்வேர் என் கம்ப்யூட்டர்ல ஓட மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்க" என்றார். பெட்டிக்குள் ஒரு நீளமான குழாய், ஒரு கேபிள், ஒரு பென் டிரைவ். பெட்டியின் மேல் "9 மீட்டர் ஆழம் வரை, 3டி படத்துடன்" என்று அச்சடித்திருந்தது. விலை 1,35,000 ரூபாய். ஓய்வூதியப் பணத்தில் வாங்கியிருக்கிறார். பூர்வீக வீட்டில் பாட்டனார் காலத்தில் காசுப் பானை புதைத்த கதை ஒன்று அவர் குடும்பத்தில் உண்டு. நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் அந்தக் கதை இல்லை!

டிரைவரை இன்ஸ்டால் செய்ததும் சாப்ட்வேர் ஓடியது. பக்கத்து வீட்டுப் பையனின் லேப்டாப்பில் முன்பே ஒருமுறை ஓடியதாம். அப்போது திரையில் வந்த சிவப்பு வட்டத்தை நம்பி, பழைய வீட்டின் பின்கட்டில் ஏழு அடிக்குப் பள்ளம் தோண்டிவிட்டார்கள். பக்கத்துச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. பள்ளத்தில் ஒன்றும் இல்லை. "இன்னும் கொஞ்சம் ஆழத்துல இருக்குமோ?" என்பதுதான் சாரின் கேள்வி.

மெட்டல் டிடெக்டர் என்றாலே எல்லோரும் கேட்பது இந்த ஒரே கேள்விதான். எவ்வளவு ஆழம் போகும்? வாங்கப் போகிறவர் கேட்கக்கூடிய கேள்விகளில் இதுதான் மிக மோசமானது என்பது என் கருத்து. 2000-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு பி.எம்.பி.ஓ. ஞாபகம் இருக்கும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரின் அட்டைப் பெட்டியில் 1000 வாட்ஸ் என்று போட்டிருப்பார்கள். உண்மையில் அது தரும் சக்தி சில வாட்ஸ்தான். டிடெக்டர் பெட்டியில் இருக்கும் ஆழமும் அந்த ஜாதிதான். எந்தப் பொருளுக்கு, எந்த மண்ணில், எந்தக் காயிலில் என்று சொல்லாத ஆழத்துக்கு அர்த்தமே கிடையாது.

சாதாரண டிடெக்டர் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். கீழே இருக்கும் வட்டத் தட்டில் செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. இதைத்தான் காயில் என்கிறோம். ஒரு சுருளில் மாறுமின்சாரம் ஓடி, மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலம் ஒரு உலோகத்தில் பட்டால், அந்த உலோகத்துக்குள் சின்னச் சின்ன மின்சுழல்கள் உண்டாகின்றன. அவை தங்கள் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தை வெளியிடும். இன்னொரு சுருள் அதைப் பிடிக்கிறது. திரும்பி வரும் சிக்னல் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை வைத்து, இது இரும்பா, செம்பா, வெள்ளியா என்று பிராசசர் ஊகம் செய்து ஒரு எண்ணைக் காட்டும். ஊகம்தான். மெல்லிய தங்க மோதிரமும் சிகரெட் பெட்டியின் அலுமினியத் தாளும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத் தரலாம்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. காயில் அனுப்பும் புலம், தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. திரும்பி வரும் சிக்னலும் அப்படியே எட்டில் ஒரு பங்காகிறது. ஆக மொத்தம் 64-ல் ஒரு பங்கு. தூரத்தின் ஆறாவது அடுக்கு என்று சொல்லலாம். (காயிலுக்கு மிக அருகில் இவ்வளவு வேகமாகக் குறையாது. சின்னப் பொருள் ஆழத்தில் இருக்கும்போது இந்தக் கணக்கு பொருந்தும்.)

இதைச் சொன்னதும் சார் மேஜை மேல் கிடந்த பேப்பரை எடுத்துக்கொண்டார். "நாணயம் ஒண்ணு 15 சென்டிமீட்டர்ல தெரியுதுன்னு வெச்சுக்குவோம். 9 மீட்டர்னா 60 மடங்கு. 60-ஐ ஆறு தடவை பெருக்கணும்." பெருக்கினார். வந்த விடை 4,665 கோடிக்கு மேல். அத்தனை மடங்கு பலவீனமான சிக்னலைக் கண்டுபிடிப்பதாக அந்தப் பெட்டி சொல்கிறது. சார் பேனாவை மூடிவைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

நாணயத்துக்குப் பதில் பானை என்றால் நிலைமை பரவாயில்லை. பொருள் பெரிதாக ஆக சிக்னலும் பெரிதாகும். பெரிய காயில் போட்ட கருவிகள், வாளி அளவு உலோகப் பொருளை ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டரில் காட்டும். அதற்கு மேல் பேசுகிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

சரி, சாரின் கருவி என்னதான் செய்கிறது? அதில் சிக்னல் அனுப்பும் காயிலே இல்லை. அது ஒரு மேக்னடோமீட்டர். பூமியின் காந்தப் புலத்தை அளந்து, இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசத்தைக் கலராகக் காட்டுகிறது. உங்கள் ஸ்மார்ட் போனில் திசைகாட்டிக்காக இருக்கும் சென்சாரும் இதே வேலையைத்தான் செய்கிறது. "மெட்டல் டிடெக்டர்" என்று இலவசமாகக் கிடைக்கும் ஆப்கள் அந்த சென்சாரைத்தான் படிக்கின்றன. போனைக் கதவின் இரும்புத் தாழ்ப்பாள் பக்கம் கொண்டுபோங்கள், எண் எகிறும். தங்க வளையல் பக்கம் கொண்டுபோங்கள், அசையாது. தங்கம், வெள்ளி, செம்பு, அலுமினியம் எதுவும் பூமியின் காந்தப் புலத்தை மாற்றுவதில்லை. மேக்னடோமீட்டர் மோசமான கருவி என்று நான் சொல்லவில்லை. தொல்லியல் ஆய்வாளர்கள் பழைய அடுப்பு, குழி, சுவர் இருந்த இடங்களைக் கண்டறிய இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தங்கத்தைத் தேட இது உதவாது.

அன்று மாலை இரண்டு பேரும் என் வீட்டுக் கொல்லையில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். பத்தடிக்குப் பத்தடி இடத்தில் கயிறு கட்டி, கோடு கோடாக நடந்து ஸ்கேன் செய்தோம். முதல் முறை வடகிழக்கு மூலையில் சிவப்பு. அதே இடத்தில், அதே கயிற்றின் மேல் மறுபடி நடந்தோம். இம்முறை நடுவில் சிவப்பு. மூன்றாவது முறை சிவப்பே இல்லை, எல்லாம் நீலம். குழாயைப் பிடித்த கை கொஞ்சம் சாய்ந்தாலே படம் மாறுகிறது. சாரின் சட்டைப் பையில் இருந்த சாவிக்கொத்தும் தன் பங்கைச் செய்திருக்கும். பிறகு என் மனைவியின் வளையலை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, இரண்டு சாண் ஆழத்தில் புதைத்து ஸ்கேன் செய்தோம். வளையல் இருந்த இடத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. (வளையலைத் தோண்டி எடுக்கும்வரை என் மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

மூன்று படங்களையும் பிரிண்ட் எடுத்து வைத்தேன். ஒரே நிலம், மூன்று படங்கள். நான் சொல்ல வருவது இதுதான். ஒரு கருவியின் தரம், அது ஒரே கேள்விக்கு ஒரே பதிலை எத்தனை முறை சொல்கிறது என்பதில் இருக்கிறது. ஆழம் அதற்குப் பிறகுதான். 15 சென்டிமீட்டரில் பத்து முறையும் சரியாகச் சொல்லும் கருவி, 9 மீட்டரில் முறைக்கு ஒரு கதை சொல்லும் கருவியைவிட உயர்ந்தது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் கலர் படமாக வந்துவிட்டால் அதை அப்படியே நம்பிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சாப்ட்வேருக்கு என்ன எண் கொடுத்தாலும் அது அழகான படம் போடும். எண் சரியா என்பது அதற்குத் தெரியாது.

அடுத்த வாரம் வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் சாதாரண ஹாபி டிடெக்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். சாருடைய கருவியின் விலையில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. காயில் 11 அங்குலம். வீட்டுக்குள் ஆன் செய்ததும் ஓயாமல் கத்தியது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, எல்.இ.டி. விளக்கு, வைஃபை ரூட்டர் எல்லாம் அதற்குத் தொந்தரவு. கடைக்குள் வைத்து டெமோ காட்டினால் நம்பக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

கொல்லையில் மஞ்சள் நிற 5 ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்தோம். மண்ணில் புதைக்காமல் காயிலுக்கு முன்னால் காற்றில் ஆட்டினால் 26 சென்டிமீட்டர் வரை தெரிந்தது. விளம்பரங்களில் பெரும்பாலும் இந்தக் காற்றுச் சோதனை எண்ணைத்தான் போடுகிறார்கள். எங்கள் கொல்லை செம்மண். செம்மண்ணின் நிறமே அதில் உள்ள இரும்புச் சேர்மங்களால் வருவதுதான். அந்த மண்ணில் புதைத்து, ஒவ்வொரு ஆழத்திலும் பத்து முறை காயிலை வீசினோம். 10 சென்டிமீட்டரில் பத்துக்குப் பத்து. 15-லும் பத்துக்குப் பத்து. 18-ல் ஆறு முறை சத்தம் வந்தது, ஆனால் எண் தாறுமாறு. 21-ல் மௌனம். காற்றில் 26, நம்பத்தக்கது 15.

நாணயத்தை 8 சென்டிமீட்டருக்கு மேலே தூக்கிவைத்து, பக்கத்தில் ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டோம். பத்தில் மூன்று முறைதான் நாணயம் தெரிந்தது! ஆறு அங்குலக் காயிலை மாட்டியதும் அதே நாணயம் எட்டு முறை தெரிந்தது. சின்னக் காயில் ஆழம் குறைவு. ஆனால் அது ஒரே நேரத்தில் பார்க்கும் மண்ணும் குறைவு. அதனால் ஆணியையும் நாணயத்தையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. பழைய வீடு இருந்த இடமெல்லாம் ஆணியும் தகரமும்தான். அங்கே ஆழத்தைவிட இந்தப் பிரித்தறியும் திறன்தான் உதவும். எந்த விளம்பரத்திலும் இதைப் பெரிய எழுத்தில் நான் பார்த்ததில்லை.

சுற்றியிருக்கும் இரும்பு கருவியை எப்படிக் குழப்பும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டார்கள். உடலில் தங்கிய குண்டைத் தேட, டெலிபோன் கண்டுபிடித்த கிரஹாம் பெல் ஒரு மின்கருவி செய்துகொண்டு போனார். முன்கூட்டிச் செய்த சோதனைகளில் அது நன்றாக வேலை செய்தது. அதிபரின் அறையில் குழம்பிவிட்டது. அவர் படுத்திருந்த மெத்தையில் எஃகு ஸ்பிரிங்குகள் இருந்தன. போதாததற்கு, குண்டு இருந்தது இடப்பக்கம். டாக்டர் தேட அனுமதித்தது வலப்பக்கம்.

ஆழம் உண்மையிலேயே அவ்வளவு அவசியமா என்று கேட்டால், பிரிட்டனைப் பார்க்கச் சொல்வேன். மெட்டல் டிடெக்டிங் அங்கே ஒரு பெரிய பொழுதுபோக்கு. 1992 நவம்பரில் ஹாக்ஸ்ன் என்ற கிராமத்தில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். டிடெக்டர் வைத்திருந்த நண்பர் அதைத் தேடப் போய், ரோமானியர் காலத்துப் பொன், வெள்ளி நாணயங்களைக் கண்டார். உடனே தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார்கள். கிடைத்தவை ஏறக்குறைய 15,000 நாணயங்கள். தொலைந்த சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 2009-ல் ஸ்டாஃபர்ட்ஷையரில் கிடைத்த ஆங்கிலோ சாக்ஸன் புதையல் அதைவிடப் பேசப்பட்டது. மதிப்பு 32 லட்சம் பவுண்டுக்கு மேல். அதைக் கண்டுபிடித்த கருவி புது மாடல் அல்ல, பல ஆண்டுகள் பழையது. புதையல் கிடந்ததும் பாதாளத்தில் அல்ல. ஏர் உழும் மேல்மண்ணில்!

அதனால் கருவி வாங்குகிறவர் ஆழத்துக்குச் செலவழிக்கும் கவலையை, அது எத்தனை நாள் உழைக்கும் என்பதில் செலவழிக்கலாம். டிடெக்டரில் முதலில் தகராறு செய்வது அனேகமாக கேபிளும் கனெக்டரும்தான். கம்பிக்குள் முறிவு இருந்தால் காயிலை ஆட்டும்போதெல்லாம் பொய்ச் சத்தம் வரும். "வாட்டர்புரூப்" என்று இருந்தால் தண்ணீரில் எத்தனை மீட்டர் வரை என்று கேளுங்கள். காயில் மட்டும்தான் நனையலாமா, மேலே உள்ள பெட்டியும் நனையலாமா என்றும் கேளுங்கள். பாட்டரி உள்ளேயே பொருத்தியதா, கடையில் கிடைக்கும் பென் டார்ச் செல்லா என்பதும் முக்கியம்.

வாரண்டியையும் முழுதாக நம்ப வேண்டாம். அமெரிக்காவின் டெசோரோ நிறுவனம் தன் டிடெக்டர்களுக்கு ஆயுட்கால வாரண்டி கொடுத்தது. 2018-ல் நிறுவனமே மூடிவிட்டது. 1950-ல் தொடங்கிய வைட்ஸ் 2020-ல் மூடியது. அதன் தொழில்நுட்ப உரிமைகளை காரெட் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இன்று மைன்லேப், காரெட், நோக்டா, எக்ஸ்.பி. ஆகியவற்றின் கருவிகள்தான் அதிகம் பேசப்படுகின்றன. 2018-ல் வந்த மைன்லேப் எக்வினாக்ஸுக்குப் பிறகு, ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் வேலை செய்யும் கருவிகள் நடுத்தர விலைக்கு வந்தன. உப்பு ஈரம் உள்ள கடற்கரை மணலில் கத்தாமல் இருப்பதுதான் இவற்றின் பெரிய லாபம். இருமடங்கு ஆழத்தை இவற்றிடமும் எதிர்பார்க்காதீர்கள். ஆறாவது அடுக்குக் கணக்கு எல்லோருக்கும் பொது.

போலிகளும் உண்டு. மைன்லேபை நடத்தும் ஆஸ்திரேலிய நிறுவனம் கோடன். 2011-ல் அதன் ஊழியர் ஒருவர் சீனாவில் ஹோட்டல் வைஃபையில் லேப்டாப்பை இணைத்தபோது வைரஸ் புகுந்து, டிடெக்டர் வரைபடங்கள் திருடு போயின என்று 2015-ல் செய்தி வெளியானது. அப்புறம் ஆப்பிரிக்கச் சந்தைகளில் மலிவுப் போலிகள் குவிந்தன. பொது வைஃபையில் இணைக்கும் முன் யோசியுங்கள் என்று நாம் சொல்வது சும்மா இல்லை.

இவற்றையெல்லாம்விடப் பயங்கரமானது ஏ.டி.இ. 651 கதை. கைப்பிடியில் ஆடும் ஆன்டெனா ஒன்றுதான் அந்தக் கருவி. உள்ளே வேலை செய்யும் எலக்ட்ரானிக்ஸ் எதுவுமே இல்லை. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருள் ஒன்றைத் தழுவி உருவாக்கப்பட்டது. அதை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லி ஈராக் அரசுக்கு ஆயிரக்கணக்கில் விற்றார்கள். பாக்தாத் சோதனைச் சாவடிகளில் இதைப் பிடித்துக்கொண்டு வாகனங்களை அனுப்பினார்கள். குண்டுகள் வெடித்தன. விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் லண்டன் நீதிமன்றம் பத்தாண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. பல நூறு மீட்டர் தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும் என்று இன்றும் இன்டர்நெட்டில் விற்கும் "லாங் ரேஞ்ச்" கருவிகளின் வெளித்தோற்றம் அப்படியே இதுதான்.

சட்டத்தையும் ஒரு வரி தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவருக்கு உரிய பங்கு போய்விடும், சிறைத் தண்டனையும் கிடைக்கலாம். சொந்த வீட்டில் கிடைத்தாலும் இதேதான். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் பக்கம் டிடெக்டருடன் போய்த் தோண்டுவதை நினைக்கவே வேண்டாம்.

சாரின் விஷயத்துக்கு வருகிறேன். விற்றவருக்குப் போன் செய்தோம். "உங்க மண்ணு சரியில்லை, அதுக்குத் தனி சென்சார் இருக்கு, 40,000 ஆகும்" என்றார். பணத்தைத் திருப்பித் தர முடியாதாம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில், பெட்டியில் உள்ள "9 மீட்டர்" வாசகத்தின் போட்டோ, ஒரே நிலத்தின் மூன்று பிரிண்ட்டுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கொடுத்தேன். சார் தன் கணக்குத் தாளையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்திருக்கிறோம். பின்கட்டுப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். விரிசல் விட்ட சுவருக்கு இந்த மாதம் கொத்தனார் வருகிறார்.